சிவப்புத் தலைக்காரி ஏன் சொன்னாள்?

அக்கா, நீங்க பார்க்கிறது ‘கருநிலாப் பள்ளி’தானே? ஹாஸ்டல், மந்திரம் தெரிந்த நாலு பெண்கள், மொட்டை மாடியில் ஒரு கறுப்புப் பூனை வருமே, அதுதானே?

எட்டிப் பார்க்கிறேன் என்று தப்பாக நினைக்காதீங்க. மடியில் இருக்கிற இவள்தான் முதலில் பார்த்தாள். வந்தவாசியில் பஸ் கிளம்பினதிலிருந்து உங்க போனையே வெறிக்கிறாள். அந்தப் பாட்டு வந்தால் போதும், கை தட்டுவாள். என்னிடம் பால் குடிக்கும்போதெல்லாம் கேட்ட பாட்டாச்சே. பாருங்க, தட்டுகிறாள். ஏய் கழுதை, அக்கா சட்டையைப் பிடிச்சு இழுக்காதடி.

எத்தனையாவது சீசன்? இரண்டா? அப்படியென்றால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீங்க. இரண்டோடு நிறுத்திவிடுங்க. மூன்றாவது பக்கமே போகாதீங்க. அதைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கலை. எங்க அம்மா வீட்டில் என் தம்பி போனில்தான் பார்த்தேன். அவன் கேலி பண்ணுகிறான், “ஏன்க்கா, மாமா மஸ்கட் கிளம்பினப்பகூட நீ இப்படி அழுவலையே” என்று. அவனுக்கு என்ன தெரியும்? கல்லு மாதிரி உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிற பயல்.

முடிவைச் சொல்லிவிடட்டுமா? வேண்டாமா? சரி, சொல்லலை. ஆனால் சொல்லாமல் என்னால் இருக்கவும் முடியாது. பார்ப்போம்.

கொஞ்சம் மெதுவாகவே பேசுகிறேன். முன் சீட்டில் ஜன்னலோரம் தலையைச் சாய்த்துத் தூங்குகிறாளே, தலையில் துப்பட்டா சுற்றிக்கொண்டு, அவள் என் நாத்தனார். எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. மோனிஷா. அவளோடு சேர்ந்துதான் முதல் இரண்டையும் பார்த்தேன். மூன்றாவதை அவள் பார்க்கலை. அவள் காதில் விழ வேண்டாம்.

காஞ்சிபுரத்துக்குத்தான் போகிறோம். கல்யாணப் புடவை எடுக்க. அவளுக்குத்தான் கல்யாணம், வைகாசியில். என் மாமியாரும் மாப்பிள்ளையும் பைக்கில் முன்னாலேயே போய்விட்டாங்க. பஸ் ஸ்டாண்டில் நிற்பாங்க. சின்னப் பெண்ணாகத் தெரிகிறாளா? நீங்களும் அதையேதான் சொல்றீங்க. பதினேழு ஆகுது. மெலிந்துவிட்டாள், அதனால் அப்படித் தெரிகிறது. பதினெட்டு ஆகணும்தான், எனக்கும் தெரியும். நான் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும் படித்தவள்தான். ஆனால் ஊர்க் கோயிலில் பத்துப் பேரை வைத்துத் தாலி கட்டினால் யார் வந்து வயசு கேட்கப் போகிறாங்க?

அதை விடுங்க. தொடருக்கு வருவோம்.

அந்தப் பெண்கள் பெயரெல்லாம் இங்கிலீஷ், என் வாயில் நுழையாது. நானும் மோனியும் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். சிவப்புத் தலைக்காரி, கண்ணாடிக்காரி, குட்டைமுடி, அப்புறம் பேசவே பேசாமல் முழித்துக்கொண்டு இருப்பாளே, அவள் ஊமைக்கோட்டான். எனக்குச் சிவப்புத் தலைக்காரிதான் உயிர். கலகலவென்று பேசுவாள். யார் அழுதாலும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாள். “அது அப்படியே நீங்கதான் அண்ணி” என்பாள் மோனி. அவளுக்குக் கண்ணாடிக்காரி. ராத்திரியெல்லாம் படிப்பாள், யாரைப் பார்த்தாலும் ஒதுங்குவாள், ஆனால் உள்ளுக்குள் சக்தி அதிகம் அவளுக்குத்தான்.

சாயங்காலம் மோனி பள்ளிக்கூடம் விட்டு வருவாள். அத்தை பாலை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போவாங்க. அந்த இடைவெளிதான் எங்க சினிமாக் கொட்டகை. அடுப்பில் உலை, மடியில் பாப்பா, ஆளுக்கொரு காதில் இயர்போன். சண்டைக் காட்சி வந்தால் சோறு குழைந்துவிடும். “தெனமும் கஞ்சியா காய்ச்சற? உங்க அம்மா ஊட்ல அரிசியே பாத்ததில்லையா?” என்பாங்க அத்தை. மோனி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் சிரித்தால் தோள் மட்டும்தான் குலுங்கும், சத்தமே வராது. அந்த நாலு பேரும் உப்பில் கை வைத்துச் சத்தியம் செய்வாங்களே, ‘ஒருத்தி ரகசியம், நால்வர் உயிர்!’ என்று? பாத்திரம் விளக்கும்போது நாங்களும் சாம்பலில் கை வைத்துச் சொல்வோம். “நாம ரெண்டு பேருதானே அண்ணி?” என்றாள் ஒருநாள். “பாப்பாவோட மூணு, பூனையோட நாலு”, இது நான்.

நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது.

எங்க வீட்டுக்கு ஒருத்தர் அடிக்கடி வருவார். அத்தையோட கூடப்பிறந்த தம்பி, தணிகாசலம் மாமா. எங்க வீட்டுக்காரருக்கும் மோனிக்கும் தாய்மாமன். ரொம்பப் பாசமான மனுஷன். வீட்டில் ஆம்பிளை இல்லையே, நம்மை விட்டால் இவங்களை யார் பார்ப்பது என்று வாரத்தில் பாதி நாள் எங்க வீட்டில்தான். ரேஷன், மாட்டுத் தீவனம், கரண்டு பில், எல்லாம் அவர்தான். அவருக்கு ஒரு சம்சாரம் இருந்தது. அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று போனவள் திரும்பி வரவே இல்லை. என்ன காரணம் என்று கேட்டால் வாயே திறக்க மாட்டாளாம். திமிர் பிடித்தவள் என்று அத்தை சொல்வாங்க. 

மாமாவுக்குத் தொட்டுத் தொட்டுப் பேசுகிற குணம். சிலருக்கு அப்படித்தான் கை சும்மா இருக்காது, இல்லையா? மோனிக்கு அது பிடிக்கலை. வயசுப் பெண், கூச்சம். அவர் பைக் சத்தம் கேட்டாலே மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவாள். “அண்ணி, மாமா வந்தா நீங்க என்கூடவே இருங்க” என்பாள். நான் இருந்துகொண்டே இருக்க முடியுமா? பிள்ளைக்காரி, துணி துவைக்கணும், தண்ணி பிடிக்கணும். பாத்ரூம் கதவுத் தாழ்ப்பாள் இறுக்கமாக இருக்கு, சரிபண்ணித் தருகிறேன் என்று அவர்தான் கழற்றினார். வேலை மும்முரத்தில் திரும்பப் போட மறந்துவிட்டார். மோனி குளிக்கப் போனால் கதவுக்கு உள்பக்கம் குடம், பக்கெட், அண்டா எல்லாவற்றிலும் தண்ணி நிரப்பி அணை கட்டிவிட்டுத்தான் குளிப்பாள். “இன்னாடி, ஏரிக்கு மதகு கட்டறியா?” என்று நான் கேட்பேன். அவள் சிரிக்க மாட்டாள்.

இரண்டாவது சீசனில் நீங்க இப்போ பார்க்கிறீங்களே, இதற்கு இரண்டு மூன்று பகுதி தள்ளி ஒன்று வரும். அந்த ஹாஸ்டல் வார்டன் ஆள் கண்ணாடிக்காரி அறைக்கு வராமல் இருக்க நாலு பேரும் ஒரு வேலை செய்வாங்க. வாசற்படிக்குக் கீழே தோண்டி, கல் உப்பு, அவளோட ஒரு கொத்து முடி, அந்த ஆள் பெயரை எழுதி எரித்த காகிதம், எல்லாம் வைத்து மூடிவிடுவாங்க. அவன் வருவான், படியில் கால் வைப்பான், வைத்த கால் நகராது. என்ன மியூசிக்! மோனி அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டாள். 

மறுநாள் கேட்கிறாள், “அண்ணி, நம்ம வூட்லயும் வெப்பமா?”

விளையாட்டுத்தான் அக்கா. அவள் விளையாட்டாகக் கேட்டாளா என்று தெரியாது, நான் விளையாட்டாகத்தான் செய்தேன். உப்பு ஜாடியிலிருந்து நான்தான் அள்ளிக் கொடுத்தேன். களைக்கொத்தியால் தோண்டினதும் நான்தான். அவளுக்குத் தோண்டத் தெரியாது, மேலே மேலே கீறுகிறாள். முடிச்சுப் போட மஞ்சள் கயிறு என் பெட்டியிலிருந்து எடுத்தேன். தொடரில் கயிறே கிடையாது, அது நான் சேர்த்தது. நம் ஊர்க்காரி கை வைத்தால் நம் ஊர்ச் சாமான் ஒன்றாவது இருக்கணும் இல்லையா! காகிதத்தில் அவள் யார் பெயரையோ எழுதும்போது நான் பாப்பாவுக்கு மூக்குச் சிந்திக்கொண்டிருந்தேன், பார்க்கலை. மூடிவிட்டு இரண்டு பேரும் கை வைத்து, ‘ஒருத்தி ரகசியம், நால்வர் உயிர்’. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு தாங்கலை.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. அந்த வாரமே மாமா எங்க ஊர் வளைவில் பைக்கோடு சறுக்கி விழுந்தார். கொஞ்சம் போட்டிருந்தார், அதனால்தான். வலது கை முறிந்து மாவுக்கட்டு. சில நாள் வரவே இல்லை. மோனியைப் பார்க்கணுமே! ஒரு தோசைக்கு நாலு தோசை சாப்பிட்டாள். மாட்டிடம் பாட்டுப் பாடினாள். இராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினாள்.

எங்க வீட்டுக் கோழி ஒன்று இருந்தது, செவலை. சனியன். அது வாசற்படி ஓரம் கிளறி, முடிச்சை வெளியே இழுத்துப்போட்டுவிட்டது.

அத்தை பார்த்தாங்க. முடி, உப்பு, மஞ்சள் கயிறு. எரிந்த காகிதத்தில் ‘தணிகா’ வரைக்கும் மிச்சம். அக்கா, நம் பக்கத்தில் வாசற்படியில் இப்படி ஒரு முடிச்சு கிடந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லணுமா? செய்வினை. அத்தை போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. “என் தம்பிய சாவடிக்க எந்த முண்டைடி வெச்சா?” என்று மார்பில் அடித்துக்கொண்டு, திரும்பி முதலில் யாரைப் பார்த்தாங்க என்று நினைக்கிறீங்க? என்னைத்தான். வேறு யாரைப் பார்ப்பாங்க? வெளியூரிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதானே. கயிறு வேறு என்னுடையது.

நான் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்க. புருஷன் கடல் தாண்டி இருக்கிறார். கைப்பிள்ளை. மருமகள் செய்வினை வைத்தாள் என்று ஒரு வார்த்தை கிளம்பினால் என் கதி? இவளைப் பிடுங்கிக்கொண்டு என்னை வெளியே தள்ளினால்? தொடர் பார்த்து விளையாட்டுக்குச் செய்தோம் என்றால் நம்புவாங்களா? எனக்குப் பேச்சு வாய், எப்பவும் ஏதாவது ஒன்று வந்துவிடும். வந்துவிட்டது. “அத்தே, மோனிதான் கொஞ்ச நாளா ஒரு மாதிரியா இருக்கா. தனியா முணுமுணுக்கறா. மாட்டுக் கொட்டாயில ஒக்காந்து தனியா சிரிக்கறா” என்றேன். முணுமுணுத்தது உண்மைதான். தனியாகச் சிரித்தது நான் சேர்த்தது. கயிறு மாதிரி.

அவளைத் திட்டுவாங்க, இரண்டு அறை விழும், அதோடு முடியும் என்று நினைத்தேன். பெத்த மகள்தானே. மகளை யார் வெளியே தள்ளுவாங்க? நான் கணக்குப் போட்டது சரிதான். தள்ளலை.

மோனி என்னையே பார்த்தாள்.

அடுத்த அமாவாசைக்குப் பம்பைக்காரரை வரச் சொல்லிவிட்டாங்க. எங்க ஊர் ஏரிக்கரையில் ஒரு புளியமரம், அதன் அடியில்தான் பேய் ஓட்டுவது. உச்சி வெயில். மஞ்சள் தண்ணி ஊற்றி, ஈரத் துணியோடு உட்கார வைத்து, பம்பையும் உடுக்கையும் அடிக்கிறாங்க. பாப்பா வீறிட்டு அழுகிறாள். வீட்டுக்குப் போகலாம் என்று பார்த்தேன், அத்தை முறைத்தாங்க, நின்றுவிட்டேன். ஊரே வந்திருந்தது. ஒருத்தி மாங்காய் பத்தை விற்றாள் என்றால் பாருங்க.

உங்களுக்குத் தெரியுமா, பிடித்திருக்கிற பேய் தன் பெயரைச் சொல்லணும். அதுதான் முறை. தூக்கு மாட்டிக்கொண்டவள், கிணற்றில் விழுந்தவன், யாரோ ஒருத்தர் பெயர். பெயரைச் சொன்னால்தான் அதனிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, கொடுத்து, அனுப்ப முடியும். பம்பைக்காரர் கேட்கிறார், “யாரு நீ? இந்தப் பொண்ணு ஒடம்புல எதுக்கு வந்த? பேரச் சொல்லு!” வேப்பங்கொத்தால் விளாசுகிறார். அவள் அப்புறம் தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

“தணிகாசலம்.”

பம்பை நின்றுபோச்சு. அப்புறம் சிரித்தாங்க பாருங்க ஒரு சிரிப்பு! மாமாவும் அங்கேதான் மாவுக்கட்டோடு நிற்கிறார். “பேய்க்குக்கூட என் மேல ஒரு கண்ணு” என்றார். அவர் எப்பவும் தமாஷ். பம்பைக்காரருக்குத்தான் கோபம் வந்துவிட்டது. “உயிரோட நிக்கறவன் பேரச் சொல்லி என்னையே ஏமாத்தறியா?” என்று மறுபடியும் ஆரம்பித்தார். மறுபடியும் அதே பெயர். இன்னும் பலமாக. மறுபடியும் அதே பெயர். ‘இவன்தான், இவன்தான்’ என்று கையை நீட்டிக் காட்டுகிறாள். கையைப் பிடித்துக் கட்டிவிட்டாங்க.

எனக்கு மனசு கேட்கலை. கூட்டத்துக்குள் இருந்து சைகை காட்டினேன். வேறு யாராவது செத்துப்போனவங்க பெயரைச் சொல்லேன்டி, முடிந்துபோகும் இல்லையா? என் பெயரைச் சொல்லிவிடுவாளோ என்று ஒரு பக்கம் பயம். அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வாயோரம் இரத்தம். என் பெயரைச் சொல்லலை அக்கா. கடைசி வரைக்கும் சொல்லலை. பார்த்துக்கொண்டே, “ஒலிவியா” என்றாள்.

யார் ஒலிவியா? உங்களுக்குத் தெரியுமே! கண்ணாடிக்காரியோட நிஜப் பெயர். நாங்க இரண்டு பேரும் அந்தப் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. எனக்குச் சிரிப்பா, அழுகையா என்றே தெரியலை. பம்பைக்காரருக்கு முகமெல்லாம் பல். “அப்படி வா வழிக்கு! வெள்ளக்காரிச்சி. கோட்டப் பக்கம் போனியா?” என்கிறார். வந்தவாசியில் அந்தப் பழைய கோட்டை இருக்கே, மோனி பள்ளிக்கூடம் போகிற பஸ் அந்தப் பக்கமாகத்தான் போகும். வெள்ளைக்காரன் சண்டை போட்டுச் செத்த இடம். எல்லாம் பொருந்திப் போச்சு. இதுவரைக்கும் எங்க ஊரில் யாருக்கும் வெள்ளைக்காரப் பேய் பிடித்ததில்லை. அத்தைக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

அப்புறம் முடி. உச்சந்தலையில் ஒரு கொத்து முடியை மரத்தோடு வைத்து ஆணி அடித்து, அறுத்து எடுக்கணும். பேய் மரத்தோடு நின்றுவிடும், பெண் இந்தப் பக்கம் வந்துவிடுவாள். முடியைத் தாய்மாமன்தான் பிடிக்கணும் என்றார் பம்பைக்காரர். அது எங்க வழக்கம். காது குத்துவதிலிருந்து எல்லாவற்றுக்கும் தாய்மாமன்தானே முன்னால் நிற்கணும். மாமா இடது கையால் சுற்றிப் பிடித்தார். அதுவரைக்கும் கத்திக்கொண்டிருந்தவள் அவர் கை பட்டதும் நின்றுவிட்டாள். ஒரேயடியாக நின்றுவிட்டாள். எல்லாரும் கைதட்டினாங்க, பேய் போய்விட்டது என்று.

இன்று காலையில்கூட அந்த மரத்தைத் தாண்டித்தான் பஸ் ஏறினோம். முடி அப்படியே தொங்குது. காற்றுக்கு ஆடுது. மோனி அந்தப் பக்கம் திரும்பலை, நான்தான் பார்த்தேன். என்ன அடர்த்தியான முடி தெரியுமா அக்கா அது? நான்தான் எண்ணெய் வைத்து வாரிவிடுவேன். பின்னல் கைக்கு அடங்காது. அதனால்தான் துப்பட்டா. கல்யாணத்துக்குச் சவுரியும் பூவும் வைத்து மறைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆமாம், மாப்பிள்ளை அவர்தான். தணிகாசலம் மாமாதான். வேறு யார் கட்டுவாங்க? பேய் பிடித்த பெண் என்று சுற்றுவட்டாரம் பூரா தெரிந்துபோச்சு. அத்தை அழுதுகொண்டே இருந்தாங்க. அவர்தான் பெரிய மனசு பண்ணி, “அக்கா, நான் இருக்கறப்ப நீ ஏன் அழற?” என்றார். மஸ்கட்டிலிருந்து எங்க வீட்டுக்காரரும், மாமா தெய்வம் என்று சொல்லிவிட்டார். மோனியிடம் கேட்டோம். ஒன்றும் சொல்லலை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டாங்க.

என்னக்கா, போனை அணைத்துவிட்டீங்க? பாருங்க, நான் பேச ஆரம்பித்தால் இப்படித்தான். உங்க தொடரையும் கெடுத்துவிட்டேன்.

போலீஸா? எதுக்கு? யாரும் யாரையும் ஒன்றும் செய்யலையே. குடும்ப விஷயம். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தாங்க, மோனி ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு. அவங்க தெருமுனையில் வரும்போதே பார்த்துவிட்டேன். ஓடிப்போய் வேப்பிலை ஒடித்துவந்து வாசலில் சொருகிவிட்டேன். அம்மை போட்டிருக்கு என்று நினைத்து வாசலோடு திரும்பிவிட்டாங்க. வேப்பிலையைப் பார்த்தால் உள்ளே யாரும் வர மாட்டாங்க இல்லையா? அத்தை முதல்தடவையாக, “உனக்கும் மூளை இருக்குதுடி” என்றாங்க. அன்றைக்கு ஜன்னல் வழியாக மோனி அந்த டீச்சரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டீச்சர் போன பிறகும் நின்றாள்.

போனும் போச்சு. என் போனை அத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் பேசும்போது மட்டும் எடுத்துக் கொடுப்பாங்க, பக்கத்திலேயே நின்றுகொண்டு. மோனிக்கு ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படிக்கிறாளா என்றால் இல்லை. பின் அட்டையையே பார்ப்பாள். பிள்ளைகளுக்கு யாராவது தொந்தரவு கொடுத்தால் கூப்பிடச் சொல்லி ஒரு நம்பர் போட்டிருக்குமே, அந்த அட்டை. அத்தை அதையும் பழைய பேப்பர்காரனிடம் தூக்கிப் போட்டுவிட்டாங்க. அதற்கப்புறமும் அவள் உதடு அசைந்துகொண்டேதான் இருக்கு. ஒன்று, சைபர், ஒன்பது, எட்டு. ஒன்று, சைபர், ஒன்பது, எட்டு. நான் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிடுவேன். மறுபடியும் முணுமுணுக்கிறாள் என்று அத்தைக்குத் தெரிந்தால் இன்னொரு அமாவாசை யார் பார்ப்பது?

அதனால்தான் சொல்கிறேன், அந்த மூன்றாவது சீசனைப் பார்க்காதீங்க. சொல்லிவிடுகிறேன், இனிமேல் அடக்க முடியாது. மூன்றாவதில் கதை எழுதினவன் என்ன செய்கிறான் தெரியுமா? சிவப்புத் தலைக்காரி இருக்கிறாளே, நம் சிவப்புத் தலைக்காரி, அவள் போய்க் கண்ணாடிக்காரி வீட்டில் சொல்லிவிடுகிறாள்! உங்க பெண் சூனியக்காரி என்று. சத்தியம் செய்தவள்! கூடவே உட்கார்ந்து சிரித்தவள்! அவளுக்கு என்ன ஆபத்து? கழுத்தில் கத்தியா வைத்தாங்க? விசாரிக்க வந்த இடத்தில், எங்கே தன் பெயர் வந்துவிடுமோ என்று ஒரு பயம். அவ்வளவுதான். அதற்குப் போய்த் தோழியைக் காட்டிக்கொடுப்பாளா ஒருத்தி? நான் கத்திவிட்டேன், “ஏன்டி சொன்ன? ஏன்டி சொன்ன?” என்று. என் தம்பி எழுந்து ஓடி வந்துவிட்டான். கெட்டவளாகக் காட்டியிருந்தாலாவது ஒத்துக்கொள்ளலாம். நல்லவள், சிரித்த முகம், அவள் போய் இப்படிச் செய்தாள் என்றால் யார் நம்புவாங்க? கதை எழுதத் தெரியாதவன் எழுதினது.

அதோடு விட்டானா? கண்ணாடிக்காரி முடியை வெட்டிவிடுவாங்க. வெட்டினதும் அவளுக்குச் சக்தியும் போய்விடும், எல்லாம் மறந்தும் போய்விடும். கடைசிக் காட்சி, அப்பா அம்மாவோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். அந்தப் பாட்டு வேறு. மற்ற மூன்று பேரும் ஜன்னலுக்கு வெளியே பனியில் நின்று கையாட்டுகிறாங்க. சிவப்புத் தலைக்காரியும் கையாட்டுகிறாள், வெட்கமில்லாமல். முடிந்துபோச்சு. அவ்வளவுதான். இத்தனை சக்தி வைத்திருக்கிறாளுங்க, ஒருத்திக்காவது அந்த ஜன்னல் கண்ணாடியை உடைக்கத் தோணலையே?

அப்புறம் அந்தச் சிரிப்பு. அதுதான் பச்சைப் பொய். முடியை வெட்டினால் மறந்துபோகுமா? சிரிப்பாங்களா? இதோ இருக்கிறாளே மோனி, சிரிக்கிறாளா? அந்த அமாவாசையிலிருந்து இன்று வரைக்கும் ஒருதடவை, ஒரே ஒருதடவை தோள் குலுங்கிப் பார்க்கணும் என்று நானும் என்னென்னவோ கோமாளித்தனம் பண்ணுகிறேன். ம்ஹூம். என்னோடு பேசுவதுகூட இல்லை. ஏன் என்றுதான் தெரியலை. நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன், நீங்களே சொல்லுங்க?

மானாம்பதி தாண்டி ரொம்ப நேரம் ஆச்சு இல்லையா? பாலாற்றுப் பாலம் வந்ததும் எழுப்பிவிடணும். மாமா காத்திருப்பார், தாமதம் ஆனால் பிடிக்காது அவருக்கு.

அட, மோனி! முழிச்சுட்டியா? எப்ப முழிச்ச? தூங்கவே இல்லையா? இவ்ளோ நேரம் கண்ணை மூடிக்கிட்டு சும்மாவா இருந்த? நான் ஒண்ணும் சொல்லலடி, சும்மா இந்த அக்காகிட்ட தொடர் பத்திப் பேசிக்கிட்டு வந்தேன். துப்பட்டாவ ஒழுங்காப் போடு. ஏன்டி எழுந்து நிக்கற, பஸ்ஸு ஓடறப்ப? விழுந்துடப் போற. கம்பியப் பிடி.

என்னது, இந்த அக்காகிட்டயா? கேளு, கேளு, நல்ல அக்காதான். பாருங்கக்கா, அவளே வாயைத் திறந்து கேட்கிறாள்! போன்தானேடி வேணும்? கொடுங்கக்கா, பாவம், ரொம்ப நாள் ஆச்சு. அந்த மூன்றாவதை மட்டும் போட்டுவிடாதீங்க, தாங்க மாட்டாள்.

“படம் பாக்க இல்லக்கா. பாலம் வர்றதுக்குள்ள ஒரே ஒரு போன் பேசிட்டுத் தந்துடறேன். உங்க போனக் கொஞ்சம் குடுங்க.”